பழைய லேப்டாப், மின்ட், நாற்பதாயிரம் படங்கள்: டிஜிகேம் நிறுவுவது எப்படி?

வணக்கம் டீச்சர். நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களும் படிப்பார்கள். உங்கள் வீடு கோத்தகிரி பக்கம் ஒரு ஹட்டியில், அதாவது படுகர் ஊரில். விண்டோஸ் 10-க்கு ஆதரவு 2025 அக்டோபரோடு நின்றதால், பழைய லேப்டாப்பில் உங்கள் அக்கா மகன் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் 22 என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுக் கொடுத்துவிட்டார். 2004 முதல் எடுத்த சுமார் நாற்பதாயிரம் படங்கள் ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்கில் இருக்கின்றன: லாங்வுட் சோலைப் பறவைகள், 2006-லும் 2018-லும் பூத்த குறிஞ்சி, படுகர் திருவிழாவான ஹெத்தை ஹப்பா, பள்ளி ஆண்டு விழாக்கள். முன்பு படங்களை அடுக்கி வைக்க கூகுளின் பிகாசா மென்பொருள் வைத்திருந்தீர்கள். இப்போது என்ன மென்பொருள் போடுவது, தமிழில் பெயர் எழுதித் தேட முடியுமா, மழைக்காலத்தில் நெட் வந்து வந்து போகிறதே, என்ன செய்வது? இவைதான் கேள்விகள்.

படங்களை அடுக்கி, பெயர் கொடுத்துத் தேட உதவும் டிஜிகேம் என்ற மென்பொருளைப் போடுங்கள். நிறுவும் வேலை ஒரு மதியத்தில் முடிந்துவிடும். ஆனால் முதல் படத்துக்குப் பெயர் எழுதுவதற்கு முன் ஒரு செட்டிங்கைச் சரிபார்த்தே ஆக வேண்டும். நீங்கள் எழுதும் பெயர் மென்பொருளின் கணக்குப் புத்தகத்தில் மட்டும் பதிகிறதா, படத்துக்குள்ளேயே பதிகிறதா என்பதுதான் அது. இந்தப் பதில் நீளமாக இருப்பதற்கு முக்கால்வாசிக் காரணம் அந்த ஒரு செட்டிங்.

பிகாசாவை வைத்தே சொல்கிறேன். கூகுள் அதை 2016-இல் நிறுத்திவிட்டது. நீங்கள் ஜேபெக் படத்துக்குக் கீழே எழுதிய கேப்ஷனை பிகாசா படத்துக்குள்ளேயே எழுதி வைத்தது. அதனால் டிஜிகேமில் திறந்தால் அந்த வரிகள் தாமாகவே வந்து நிற்கும். ஆனால் நட்சத்திரம் போட்டதும் ஆல்பமாகப் பிரித்ததும் ஒவ்வொரு ஃபோல்டரிலும் இருக்கும் ஒரு சின்ன ஐஎன்ஐ ஃபைலில்தான் கிடக்கின்றன. முகங்களுக்குக் கொடுத்த பெயர்களும், படத்துக்குள் எழுதச் சொல்லித் தனியாக செட்டிங் வைத்திருந்தால் ஒழிய, அங்கேதான் இருக்கும். டிஜிகேம் அதைப் படிக்காது. ஒரே ஆள் ஒரே மென்பொருளில் செய்த வேலையில் பாதி பிழைக்கிறது, பாதி போய்விடுகிறது. இந்தத் தடவை முழுதும் பிழைக்கிற மாதிரி செய்துகொள்ளலாம்.

ஏன் டிஜிகேம் என்றும் கேட்பீர்கள். மின்ட்டோடு பிக்ஸ் என்று ஒன்று வருகிறது. படம் பார்க்க, லேசாகத் திருத்த நல்லது. நாற்பதாயிரம் படங்களில் தேட அது போதாது. ஷாட்வெல் எளிமையானது, லேசானது. உங்களிடம் ஐயாயிரம் படங்கள்தான் என்றால் அதையே சொல்லியிருப்பேன். டார்க்டேபிள் ரா படங்களை, அதாவது கேமரா பதப்படுத்தாமல் அப்படியே தரும் படங்களை, கழுவி எடுப்பவர்களுக்கு உரியது. உங்கள் நிக்கான் பி900 கேமராவில் ரா கிடையாது, ஜேபெக் மட்டும்தான், அதனால் அது இப்போதைக்கு வேண்டாம். இம்மிச், போட்டோபிரிசம் பற்றி யாராவது சொல்லியிருப்பார்கள். அவற்றுக்கு ஒரு கம்ப்யூட்டர் சர்வராக எப்போதும் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். நம் ஊர் கரண்டுக்கு அந்த ஆசை எதற்கு? கூகுள் போட்டோஸில் இலவசமாகக் கிடைப்பது மெயில், டிரைவ் எல்லாம் சேர்த்து 15 ஜிபி. டிஜிகேம் கேடிஈ என்ற திறந்த மூல மென்பொருள் குழுவினர் உருவாக்குவது, இலவசம், கணக்கு திறக்கச் சொல்லாது, படங்களை எங்கும் அனுப்பாது.

சரி, நிறுவுவதற்கு முன் டிஸ்கைப் பார்த்துவிடுவோம். இங்கேதான் பலர் மாட்டுகிறார்கள். விண்டோஸில் பயன்படுத்திய டிஸ்க் பெரும்பாலும் என்டிஎஃப்எஸ் வடிவில் இருக்கும். மின்ட் அதைப் படிக்கும், எழுதவும் செய்யும். ஆனால் விண்டோஸ் அந்த டிஸ்கை முறையாக விடுவிக்காமல் இருந்தால், அதாவது ‘சேஃப்லி ரிமூவ்’ கொடுக்காமல் வயரைப் பிடுங்கியிருந்தால், லினக்ஸ் அதைப் படிக்க மட்டுமே அனுமதித்துத் திறக்கலாம். படமெல்லாம் பளிச்சென்று தெரியும், ஒரு சந்தேகமும் வராது. பெயர் எழுதினால் மட்டும் உள்ளே போகாது. சோதிப்பது சுலபம். டிஸ்கைத் திறந்து, காலி இடத்தில் ரைட் கிளிக் செய்து புதிய ஃபோல்டர் ஒன்று உருவாக்கிப் பாருங்கள். உருவானால் சரி. உருவாகாவிட்டால், தெரிந்தவர் யாருடைய விண்டோஸ் கம்ப்யூட்டரிலாவது செருகி, டிஸ்கின் பிராப்பர்ட்டீஸில் ‘டூல்ஸ்’ பக்கத்தில் பிழை சோதனையை ஓடவிட்டு, முறையாக எஜெக்ட் செய்து கொண்டு வாருங்கள்.

அதோடு, எந்த மென்பொருளும் படங்களைத் தொடுவதற்கு முன் இன்னொரு டிஸ்கில் முழுப் பிரதி ஒன்று வேண்டும். இருபது வருடப் படங்கள் ஒரே டிஸ்கில் இருக்கின்றன என்று எழுதியிருந்தீர்கள். அதைப் படித்ததும் எனக்குத்தான் கை நடுங்கியது. புது டிஸ்க் வாங்கும் செலவை டிஜிகேமுக்குக் கொடுக்கும் விலையாக நினைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது நிறுவல். கட்டளைகளை அடிக்கும் டெர்மினல் பக்கமே போக வேண்டாம். மெனுவில் ‘சாஃப்ட்வேர் மேனேஜர்’ திறந்து டிஜிகேம் என்று ஆங்கிலத்தில் தேடுங்கள். அது இரண்டு வகையாகக் கிடைக்கும்: ‘சிஸ்டம் பேக்கேஜ்’ ஒன்று, ‘ஃபிளாட்பேக்’ ஒன்று. மூன்றாவதாக, டிஜிகேமின் சொந்தத் தளத்தில் ‘ஆப்இமேஜ்’ என்று ஒரே ஃபைலாகவும் தருகிறார்கள்.

உங்களுக்கு நான் சொல்வது சிஸ்டம் பேக்கேஜ். மின்ட் 22-இல் அது 8.2 பதிப்பு. புத்தம் புதியது இல்லை, ஆனாலும் உங்கள் வேலைக்கு ஒரு குறையும் இருக்காது. மின்ட்டின் வழக்கமான அப்டேட்டோடு சேர்ந்து பராமரிப்பும் நடந்துவிடும். தமிழ்த் தட்டச்சும் இதில் சிக்கலில்லாமல் வேலை செய்யும். ஃபிளாட்பேக் புதிய பதிப்பைத் தரும், ஆனால் தனக்கு வேண்டிய அடிப்படைப் பொருள்களையெல்லாம் தனியாக இறக்கிக்கொள்ளும். வந்து வந்து போகிற நெட்டில் அது ஒரு தலைவலி. சிஸ்டம் பேக்கேஜும் கேடிஈ நூலகங்கள் பலவற்றைக் கூடவே இழுத்து வரும். ‘இவ்வளவு கூடுதல் பேக்கேஜ்கள் தேவை’ என்று பட்டியல் காட்டினால் பயப்படாமல் ‘கன்டின்யூ’ கொடுங்கள்.

நெட் ரொம்பவே மோசம் என்றால் ஆப்இமேஜ் கைகொடுக்கும். கோத்தகிரி டவுனில் நல்ல இணைப்புள்ள இடத்தில் இறக்கி, பென்டிரைவில் கொண்டுவந்துவிடலாம். ஒரு விஷயம் மட்டும் கவனியுங்கள். பென்டிரைவில் வைத்தபடியே அதை ஓடவிடப் பார்க்காதீர்கள். சாதாரண பென்டிரைவின் ஃபேட்32 வடிவத்தில் ‘இது இயங்கும் ஃபைல்’ என்ற குறிப்பைப் பதிந்து வைக்க வழியில்லை. ஹோம் ஃபோல்டருக்குள் காப்பி செய்து, ரைட் கிளிக், ‘பிராப்பர்ட்டீஸ்’, ‘பெர்மிஷன்ஸ்’, அதில் ‘புரோகிராமாக இயக்க அனுமதி’ என்ற கட்டத்தில் டிக் செய்துவிட்டு இரண்டு முறை தட்டினால் திறக்கும். நிறுவல் என்று ஒன்றும் இல்லை, அந்த ஃபைல்தான் மென்பொருள். ஆனால் தமிழ் உள்ளீட்டுக் கருவி சில சமயம் ஆப்இமேஜுக்குள் எட்டாது. அதனால் இதை இரண்டாவது வழியாகவே வைத்திருக்கிறேன்.

முதல் முறை டிஜிகேமைத் திறந்ததும் வரிசையாகச் சில பக்கங்களில் கேள்வி கேட்கும். எல்லாவற்றுக்கும் ‘நெக்ஸ்ட்’ கொடுத்துவிட்டுப் போகிற பழக்கத்தை இங்கே மட்டும் நிறுத்தி வையுங்கள்.

படங்கள் எங்கே என்று கேட்கும். லேப்டாப்பில் உள்ள ‘பிக்சர்ஸ்’ ஃபோல்டரைக் காட்டும், அப்படியே விடுங்கள். எக்ஸ்டர்னல் டிஸ்கைப் பிறகு சேர்க்கலாம். அடுத்து டேட்டாபேஸ், அதாவது முதலில் நான் சொன்ன கணக்குப் புத்தகம். ‘எஸ்கியூலைட்’ என்பதே தேர்வாகி இருக்கும், அது போதும். அதன் இடம் லேப்டாப்பின் உள் டிஸ்காக இருக்க வேண்டும், எக்ஸ்டர்னல் டிஸ்கில் வைக்காதீர்கள். வேகம் குறையும் என்பது ஒரு பக்கம். எழுதிக்கொண்டிருக்கும்போது வயர் ஆடினால் டேட்டாபேஸ் கெட்டுப்போகலாம் என்பது பெரிய பக்கம். பிறகு அந்த ஃபோல்டரைப் பார்த்தால் டிஜிகேம்4 என்று தொடங்கும் ஒரு ஃபைல் இருக்கும். 4 என்றதும் பழைய பதிப்போ என்று நினைக்க வேண்டாம், பெயர் அப்படியே நின்றுவிட்டது.

அப்புறம்தான் நான் சொன்ன இடம். மெட்டாடேட்டாவை, அதாவது படத்தைப் பற்றிய தகவல்களை, எப்படிச் சேமிப்பது என்று ஒரு பக்கம் வரும். தகவலை ஃபைல்களில் சேர்க்கவா, ஒன்றும் செய்யாமல் விடவா என்று கேட்கும். ஃபைல்களில் சேர்க்கச் சொல்லுங்கள். தவறிப்போய் தாண்டிவிட்டாலும் ஒன்றும் குடி முழுகாது. ‘செட்டிங்ஸ்’ மெனுவில் ‘கான்ஃபிகர் டிஜிகேம்’, அதில் ‘மெட்டாடேட்டா’, அதில் ‘பிஹேவியர்’ பக்கம். அங்கே படத்துக்குள் எவையெவை எழுதப்பட வேண்டும் என்று பட்டியல் இருக்கும்: டேக் (தேடுவதற்காகப் படத்தில் ஒட்டும் பெயர்ச்சீட்டு), கேப்ஷன், ரேட்டிங், நேரம், முகப் பெயர் என்று. இவற்றுக்கெல்லாம் டிக் செய்யுங்கள். முகப் பெயருக்கான கட்டத்தைப் பலர் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள்.

இதனால் என்ன நடக்கிறது தெரியுமா? கேமரா படம் எடுக்கும்போதே தேதி, ஷட்டர் வேகம் போன்றவற்றை எக்சிஃப் என்ற பகுதியில் எழுதிவிடுகிறது. அதே ஃபைலில் ஐபிடிசி, எக்ஸ்எம்பி என்று இன்னும் இரண்டு பகுதிகளுக்கு இடம் உண்டு. டிஜிகேம் நீங்கள் கொடுத்த பெயரை அங்கே எழுதுகிறது. படத்தின் ஒரு புள்ளிகூட மாறாது, தரம் குறையாது. நாளைக்கே டிஜிகேம் இல்லாமல் போனாலும், லேப்டாப் உடைந்தாலும், படத்தை வேறு எந்த மென்பொருளில் திறந்தாலும் பெயர் கூடவே போகும். பின்னால் எப்போதாவது ரா எடுக்கும் கேமரா வாங்கினால், அந்த ஃபைலுக்குள் எழுதாமல் பக்கத்தில் எக்ஸ்எம்பி என்று முடியும் துணை ஃபைலாக எழுதச் சொல்லலாம். ‘சைட்கார்ஸ்’ என்ற பக்கம் அதற்குத்தான்.

என் பேச்சை நம்ப வேண்டாம், நீங்களே சோதித்துப் பாருங்கள். ‘பிக்சர்ஸ்’ ஃபோல்டருக்குள் ‘சோதனை’ என்று ஒரு ஃபோல்டர் போட்டு நான்கு படங்களைக் காப்பி செய்யுங்கள். டிஜிகேமில் ஒரு படத்தைத் தேர்ந்தெடுத்து, வலது ஓரத்தில் உள்ள ‘கேப்ஷன்ஸ்’ பட்டையைத் திறந்து, டேக் பகுதியில் பறவையின் பெயரை, உதாரணமாக ‘நெட்டைக்காலி’ என்று எழுதி ‘அப்ளை’ கொடுங்கள். இப்போது டிஜிகேமை மூடிவிட்டு அதே படத்தை பிக்ஸில் திறந்து பிராப்பர்ட்டீஸைப் பாருங்கள். நெட்டைக்காலி அங்கேயும் தெரிந்தால் மற்ற வேலையைத் தொடங்கலாம். தெரியாவிட்டால் திரும்ப ‘பிஹேவியர்’ பக்கத்துக்குப் போங்கள். நாற்பதாயிரம் படங்களில் கை வைப்பதற்கு முன் இந்த நான்கு படங்கள்.

முகம் கண்டுபிடிக்கும் வசதிக்கான ஃபைல்களை இறக்கவா என்றும் ஒரு கேள்வி வரும். அவை சில நூறு எம்பி. நெட் நன்றாக இருக்கும் நாளில் பார்த்துக்கொள்ளலாம், இப்போது வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். இறக்கிய பின் எல்லா வேலையும் உங்கள் லேப்டாப்பிலேயே நடக்கும், நெட் தேவையில்லை.

எக்ஸ்டர்னல் டிஸ்கைச் சேர்க்க, அதே ‘கான்ஃபிகர்’ ஜன்னலில் ‘கலெக்‌ஷன்ஸ்’ பக்கம் போங்கள். மூன்று தலைப்புகள் இருக்கும். நடுவில் ‘ரிமூவபிள் மீடியா’ என்பதன் கீழ்தான் சேர்க்க வேண்டும். அப்படிச் சேர்த்தால் டிஸ்கை அதன் அடையாள எண்ணைக் கொண்டு நினைவில் வைத்துக்கொள்ளும். டிஸ்க் செருகாத நேரத்திலும் படங்களின் விவரம் டேட்டாபேஸில் பத்திரமாக இருக்கும். உங்கள் ஃபோல்டர் அமைப்பை டிஜிகேம் மாற்றாது, படங்களை வேறெங்கும் காப்பி செய்யாது. ‘2011 கோடநாடு’ என்று ஃபோல்டர் இருந்தால் அதே பெயரில் ஆல்பமாகத் தெரியும். ஒன்று நினைவிருக்கட்டும்: டிஜிகேமுக்குள் ஆல்பத்தின் பெயரை மாற்றினால் டிஸ்கிலும் ஃபோல்டர் பெயர் மாறும். இரண்டும் ஒன்றுதான்.

முதல் முறை எல்லாப் படங்களையும் படித்து முடிக்க நேரமாகும். லேப்டாப்பின் பேட்டரி வேலை செய்கிறதா என்று பார்த்துக்கொண்டு இரவில் ஓடவிடுங்கள். பேட்டரி செத்துப்போயிருந்தால் ஒரு யூபிஎஸ் இல்லாமல் இந்த வேலையைத் தொடங்காதீர்கள், குறிப்பாக வடகிழக்குப் பருவமழை சமயத்தில்.

தமிழில் எழுதுவது பற்றி. மின்ட்டின் மெனுவில் ‘இன்புட் மெதட்’ என்று ஒன்று இருக்கும். அதில் தமிழைத் தேர்ந்தெடுத்து, கேட்கும் பேக்கேஜ்களை நிறுவி, ஒரு முறை லாக்அவுட் செய்து வாருங்கள். தமிழ்99 பழகியிருந்தால் அது, இல்லாவிட்டால் ஆங்கில எழுத்தில் ஒலிப்படி அடிக்கும் முறை, இரண்டுமே உண்டு. டேக், கேப்ஷன், தேடல் மூன்றிலும் தமிழ் சரியாக ஓடும்.

டேக் பட்டியலை மட்டும் கொஞ்சம் யோசித்துப் போடுங்கள். பறவை, செடி, இடம், ஆட்கள், விழா என்று ஐந்தாறு தலைப்புகள், அவற்றின் கீழே பெயர்கள். ‘இடம்’ என்பதன் கீழ் லாங்வுட் சோலை, தொட்டபெட்டா, பேரகணி. ‘பறவை’ என்பதன் கீழ் நீலகிரிச் சிரிப்பான், நெட்டைக்காலி. தேதியையும் வருடத்தையும் டேக்காகப் போடாதீர்கள். அவை படத்திலேயே இருக்கின்றன, குறிஞ்சி என்ற டேக்கையும் 2018 என்ற ஆண்டையும் சேர்த்துத் தேடினால் தானாக வரும். அதைவிட முக்கியம், ஒரே பறவைக்கு ஒரு நாள் ‘சிரிப்பான்’ என்றும் இன்னொரு நாள் ‘சிரிப்புக் குருவி’ என்றும் எழுதாமல் இருப்பது. இரண்டு எழுத்து அடித்ததும் பழைய டேக்கை டிஜிகேமே நீட்டும், அதை எடுத்துக்கொள்ளுங்கள். நாற்பதாயிரத்துக்கும் டேக் போட உட்கார்ந்தால் சலித்துவிடும். ஒரு ஃபோல்டர் முழுவதையும் தேர்ந்தெடுத்து இடத்தின் பெயரை ஒரே அடியாகக் கொடுத்துவிட்டு, நல்ல படங்களுக்கு மட்டும் பறவைப் பெயர் கொடுத்தால் போதும்.

2004-இல் வைத்திருந்த சின்ன கேமராவில் தேதி தப்பாக இருந்தது என்றீர்களே, அதற்கும் வழி உண்டு. அந்த ஃபோல்டரின் படங்கள் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, ‘ஐட்டம்’ மெனுவில் நேரத்தைத் திருத்தும் கருவியைத் திறந்து, இத்தனை நாள் முன்னே நகர்த்து என்று சொல்லிவிடலாம். ஒரு படத்தின் சரியான நாள் தெரிந்தால் போதும், மற்றவை கூடவே நகரும்.

முகம் கண்டுபிடிப்பது பற்றி அதிகம் எதிர்பார்க்காதீர்கள். நேராகப் பார்க்கும் முகங்களை நன்றாகப் பிடிக்கும். ஹெத்தை ஹப்பாவில் எல்லாரும் வெள்ளை உடுத்துத் தலைப்பாகையோடு வரிசையாக நடந்து வரும் படத்தில் பக்கவாட்டு முகங்களைப் பாதிக்குப் பாதி விட்டுவிடும். பள்ளிக் குழந்தைகளையும் குழப்பும், மூன்றாம் வகுப்பில் எடுத்த முகமும் பத்தாம் வகுப்பு முகமும் அதற்கு இரண்டு ஆட்கள். அது சொல்லும் பெயர்களை நீங்கள் உறுதி செய்யும் வரை வெறும் யோசனையாகத்தான் வைத்திருக்கும். உங்கள் லேப்டாப்பில் 4 ஜிபி ரேம்தான் என்றால் ஒரு வருடத்து ஃபோல்டர் ஒவ்வொன்றாகக் கொடுங்கள்.

உங்கள் பி900-இல் ஜிபிஎஸ் இருக்கிறது. அதை ஆன் செய்து எடுத்த படங்கள் டிஜிகேமின் வரைபடத்தில் அந்தந்த இடத்தில் வந்து உட்காரும், பார்க்கவே அழகாக இருக்கும். ஆனால் கூடு, குஞ்சு இருக்கும் படங்களை அப்படியே மெயிலில் அனுப்பினால் கூடு இருக்கும் மரத்தின் இடமும் கூடவே போகிறது. வெளியே கொடுப்பதற்கு முன் ‘பேட்ச் கியூ மேனேஜர்’ வழியாக ஒரு பிரதி எடுத்து அதில் மெட்டாடேட்டாவை நீக்கிவிட்டு அனுப்புங்கள். மூலப் படத்தில் இருக்கட்டும், அது உங்களுக்கு வேண்டும்.

ஒரே படம் இரண்டு மூன்று இடத்தில் இருப்பதைக் கண்டுபிடிக்கும் கருவியும் உண்டு. பறவை எடுப்பவர்கள் அதை ஜாக்கிரதையாகக் கையாள வேண்டும். ஒரே நொடியில் தொடர்ந்து எடுத்த ஏழெட்டுப் படங்களையும் அது ‘ஒன்றுபோல’ என்று காட்டிவிடும், அவற்றில் ஒன்றில்தான் கண் கூர்மையாக விழுந்திருக்கும். ஒற்றுமை அளவை 100-க்குப் பக்கத்தில் வைத்து, ஒவ்வொன்றாகப் பார்த்து நீக்குங்கள். நீக்கியவை அந்த டிஸ்கிலேயே டிஜிகேமின் குப்பைத்தொட்டிக்குப் போகும். அதைக் காலி செய்யும் வரை டிஸ்கில் காலி இடம் அதிகமாகாது, ‘நீக்கியும் இடம் வரவில்லையே’ என்று தேட வேண்டாம்.

கடைசியாக, அக்கா மகன் ‘டைம்ஷிஃப்ட் ஆன் பண்ணியிருக்கேன், பேக்கப் ஆயிடும்’ என்று சொன்னதாக எழுதியிருந்தீர்கள். டைம்ஷிஃப்ட் மின்ட் சிஸ்டத்தைத்தான் காப்பாற்றும். வழக்கமான அமைப்பில் அது உங்கள் ஹோம் ஃபோல்டரையே தொடாது, எக்ஸ்டர்னல் டிஸ்கில் உள்ள படங்களைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. படங்களுக்கு இரண்டாவது டிஸ்க்தான் பேக்கப். மாதம் ஒரு முறை, அல்லது நிறைய டேக் போட்ட வாரத்தின் முடிவில், முதல் டிஸ்கிலிருந்து அதற்குப் பிரதி எடுங்கள். டிஜிகேமை மூடிவிட்டு, டேட்டாபேஸ் இருக்கும் ஃபோல்டரையும் சேர்த்துக் காப்பி செய்யுங்கள். அந்த இரண்டாவது டிஸ்கை அக்கா வீட்டிலோ வேறு கட்டடத்திலோ சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்ட டப்பாவில் வையுங்கள். லென்ஸில் பூஞ்சை பிடிக்கும் ஈரம் டிஸ்கின் சர்க்யூட்டையும் விடாது. நிறுவும்போது ஏதாவது பிழைச் செய்தி வந்தால் அதை அப்படியே போனில் படமெடுத்து அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.